மேல் கோடு

எங்கள் பக்கத்தில் அந்தம்மாவிடம் திட்டு வாங்காமல் ரத்தம் கொடுத்தவர்கள் யாரும் கிடையாது. உப்பளத்தை ஒட்டி இருந்த சின்ன சுகாதார நிலையத்தில், ரத்தமும் மூத்திரமும் பார்த்துச் சொல்கிற வேலை அவருக்கு. பொம்மையார்பாளையத்தில் இருந்து பஸ்ஸில் வருவார். இறங்கும்போதே முகம் சிடுசிடு என்று இருக்கும். கண்டக்டரோடு ஒரு சண்டை முடித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார். நேரில் அவர் லேப்பு மேடம். காதில் விழாத தூரத்தில் மிளகாப்பொடி.

என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனாலும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள். என்னிடம் யாராவது மரியாதையாகப் பேசினால், திருப்பி என்ன சொல்வது என்று தெரியாமல் முழிப்பேன். திட்டுகிறவர்களிடம் அந்தக் கஷ்டம் இல்லை. தலையை ஆட்டினால் போதும்.

அந்த அறையில் ஒரே ஒரு மேஜை ஃபேன். அது மனிதர்கள் பக்கம் திரும்பாது. பரிசோதனை அட்டைகள் வைத்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு நேராகத் திருப்பியிருப்பார். சுவரில் சூடு அளக்கிற கண்ணாடிக் குச்சி ஒன்று தொங்கும். அது முப்பதைத் தாண்டினால் பெட்டிகளைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்பில் அணைத்துக்கொண்டு, தடுப்பூசி வைக்கிற குளிர்ந்த அறைக்கு ஓடுவார். எங்கள் ஊரில் மாசி பிறந்தால் அது தினம் தாண்டும். தினமும் ஓடுவார்.

ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "ஏம்மா, மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது. அட்டைக்குப் போய் ஃபேன் போடுறியே?"

"உனக்கு வேர்த்தா துண்டால தொடச்சிக்குவ. அதுக்கு வேர்த்தா செத்துப்போயிடும். செத்ததுகிட்ட போயி எனக்கு என்னா ஜுரம்னு கேப்பியா நீ?"

மேஜையில் சிவப்பு நிற அலாரக் கடிகாரம். அட்டையில் ரத்தச் சொட்டை விட்டதும் அதைத் திருகி வைப்பார். அது கத்துகிற வரைக்கும் யார் வந்து கேட்டாலும் வாயே திறக்க மாட்டார். ஒரு தடவை வார்டு மெம்பர் வந்திருந்தார். அவருக்கு நிற்கப் பொறுமை இல்லை. "டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று போனவர் யாரிடமோ அரட்டை அடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மேஜையில் கிடந்த அட்டையை எட்டிப் பார்த்து அலறினார்.

"ஐயையோ, ரெண்டு கோடு இருக்குது! எனக்கு டெங்கா?"

"அது இப்ப வந்த கோடு. நேரத்துக்குள்ள ஒரு கோடுதான். அப்பவே இல்லைன்னு எழுதிட்டேன், சீட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"இங்க இருக்குதேம்மா!"

"நேரம் போன அட்டை பேசினா அது உளறல். நீ டீக்கடையில பேசுன மாதிரி."

மறுநாள் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார்: இருபது நிமிஷம் தாண்டிய அட்டையைப் பார்க்காதே. பார்த்தாலும் நம்பாதே. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டாமல் அதைப் படித்துவிட்டேன் என்று அன்றைக்கு ஒரு பெருமை. அந்தத் தாள் பின்னாளில் அவர் காலையே வாரிவிடும் என்று யாருக்குத் தெரியும்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு பாட்டிலால். கல்யாணமாகிப் போய், வீட்டுக்கு வந்திருந்த என் மகளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூத்திரம் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். உப்பளத்துக்கு எடுத்துப் போகிற குடிதண்ணீர் பாட்டில் ஒன்று காலியாக இருந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று உப்புப் பாத்தித் தண்ணீரில் நன்றாகக் குலுக்கிக் கழுவினேன். எங்களுக்கு அதுதான் சுத்தம். கை அறுபட்டாலும் பாத்தித் தண்ணீர், டிபன் பாக்ஸ் கழுவவும் பாத்தித் தண்ணீர். நல்ல தண்ணீர் பேரலில் வரும்; அது குடிக்க மட்டும்.

அந்தம்மா சொட்டு விட்டார். கடிகாரம் கத்தியது. அட்டையில் ஒரு கோடும் இல்லை. வெள்ளையாக, சலவை செய்த துணி மாதிரி இருந்தது.

"இல்லையா மேடம்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாய்ப்பக்கம், மூடி திருகுகிற இடத்தில், வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"எதுல கழுவுன?"

"பாத்தியில..."

"பாத்தியில! உப்புக் காய்ச்சுற தண்ணியில! ஊறுகாய் போட எடுத்தாந்தியா, டெஸ்டுக்கு எடுத்தாந்தியா?" வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது. "போ. உன் பொண்ணை நேர்ல கூட்டியா. இங்க கப் தர்றேன். அந்தப் பாட்டிலைத் தூக்கி எறி."

மகளைக் கூட்டிப் போனேன். இரண்டாவது அட்டை. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. "என்னா பாக்குற, சினிமாவா ஓடுது?" என்று ஆரம்பித்தவர், என்னவோ தோன்றி விளக்கமாகச் சொன்னார். திட்டுகிற குரலிலேயேதான்.

"இதுக்குள்ள ஆன்டிபாடின்னு ஒன்னு தடவியிருக்குது. ஒரே ஒரு செல்லை வளத்து, பெருக்கி, அதுலருந்து எடுத்தது. கோடி இருந்தாலும் அத்தனையும் ஒரே அச்சு. ஆயிரம் பேரு பாத்தி வரப்புல நடந்து போனாலும் உன் பொண்ணை முதுகைப் பாத்தே சொல்லிடுவ இல்ல? அந்த மாதிரி. அதுக்கு ஒரே ஒரு சரக்குதான் அடையாளம் தெரியும். கர்ப்பத்துக்கு ஒரு ஜாதி ஆன்டிபாடி, டெங்குக்கு வேற. தேடுறது வந்தா கப்புன்னு புடிச்சிக்கும். புடிச்ச எடத்துல செவப்பா கோடு விழும். அது கீழ் கோடு."

"மேல இருக்கிறது?" நானா கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

"மேல் கோடு உன்னைப் பத்தினது இல்ல. அட்டையைப் பத்தினது. நான் உசுரோட இருக்கேன், என் வேலையைச் செஞ்சேன்னு அட்டை போடுற கையெழுத்து. முட்டை வெள்ளைக்கரு மாதிரி சமாச்சாரம் இது. உப்பு அதிகமானாலும் கெட்டுடும், சூடு அதிகமானாலும் கெட்டுடும். நீங்க அந்த ரெண்டுலயேதான் குடியிருக்கீங்க. மேல் கோடு வரலைன்னா அட்டை இல்லைன்னு சொன்னதா அர்த்தம் இல்ல. ஒன்னுமே சொல்லலைன்னு அர்த்தம். இல்லைன்னு சொல்றது வேற. ஒன்னும் சொல்லாதது வேற. மண்டையில ஏறுதா?"

ஏறியது. அதுதான் என் வினை.

அந்த அட்டையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு கோடு விழுந்தது. "போய்ப் பொண்ணுக்கு நல்ல தண்ணி குடு" என்றார். அதுதான் அவருடைய வாழ்த்து.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சித்திரையில், ஊரெல்லாம் காய்ந்து கிடந்தபோது திடீரென்று இரண்டு நாள் மழை அடித்துவிட்டுப் போனது. பத்து நாளில் உப்பளத்தில் ஒவ்வொருவராக ஜுரத்தில் படுத்தார்கள். குடிதண்ணீர் பேரல்களில் கொசுப்புழு நெளிந்ததை நாங்களே பார்த்தோம். துணியில் வடிகட்டிக் குடித்தோம். உப்பு வாருகிற நல்ல பருவம் அது. ஆட்கள் சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும் என்று, முதலாளி உப்பளத்திலேயே மருத்துவ முகாம் வைத்தார். யாரோ வெளியூர்க்காரர்களை வரவழைத்தார். வியாழக்கிழமை முகாம் என்றார்கள். பரிசோதனை அட்டைகள் இருந்த பெட்டிகள் புதன்கிழமையே வந்து, உப்பு மூட்டை அடுக்குகிற தகரக் கொட்டகைக்குள் இறங்கின. சிறப்பு விருந்தினருக்கு வியாழன் தோதுப்படவில்லை. முகாம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. பெட்டிகள் கொட்டகையிலேயே கிடந்தன.

அந்தத் தகரக் கொட்டகையில் மத்தியான வேளையில் நாங்களே உட்கார மாட்டோம். வெயிலாவது பரவாயில்லை என்று வெளியே உட்காருவோம். ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஆளுக்குக்கூட, சூட்டில் வைக்கக் கூடாது என்று அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் படிக்கத் தோன்றவில்லை. மாலைக்கு ஆள் அனுப்பினார்கள். மைக் செட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். மாலை வாடக்கூடாது என்று அதற்கு மட்டும் ஈரச் சாக்கு போர்த்தி வைத்திருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் தங்கச்சி பூங்காவனத்துக்கு முகாம் அன்றைக்கு மூன்றாவது நாள் ஜுரம். என்னோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். என்னைப் போல இல்லை, வாயாடி. ஜுரத்திலும் வாய் ஓயவில்லை. "அக்கா, அந்தாளு பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஜுரம் தானா போயிடும் பாரு" என்று சிறப்பு விருந்தினரைக் காட்டிச் சிரித்தாள். என் தோளில் சாய்ந்துதான் நின்றாள். உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது.

விரலில் குத்தி, அட்டையில் சொட்டு விட்டு, மேஜை மேல் வைத்தான் ஒரு தம்பி. நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். செல்போனில் நேரமும் வைத்தான். அது கூவியதும் அட்டையை எடுத்தான். நான் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அட்டையில் ஒன்றும் இல்லை. கீழேயும் இல்லை. மேலேயும் இல்லை. வெள்ளை.

"கோடு இல்ல. டெங்கு இல்லக்கா. வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு மாத்திரை வாங்கிக்குங்க. அடுத்தவங்க வாங்க."

அவன் கையில் இன்னும் இரண்டு அட்டைகள் இருந்தன. அவையும் வெள்ளை. எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. மேல் கோடு வரவில்லை தம்பி, வேறு அட்டை போடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரைக்கும் வந்தது. பின்னால் முதலாளி, விருந்தினர், வெள்ளைச் சட்டைக்காரர்கள். மேஸ்திரி, "ஏம்மா, நகரு நகரு, என்னா அங்க வேடிக்கை?" என்றான்.

நகர்ந்தேன்.

மறுநாள் ஜுரம் விட்டுவிட்டது. பூங்காவனம் உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். "சொன்னேன் இல்ல, பேச்சைக் கேட்டே ஜுரம் ஓடிடுச்சு." சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில் வாய் கொப்பளித்துத் துப்பினாள். உப்பின் மேல் சிவப்பாக விழுந்தது. ஷேர் ஆட்டோவில் போட்டு அந்தம்மாவிடம் கொண்டுபோனேன்.

அன்றைக்கு அவருடைய கடிகாரத்துக்கு வேலை இல்லை. சொட்டு விட்ட கொஞ்ச நேரத்திலேயே மேலும் கீழுமாக இரண்டு கோடும் ரத்தமாக எழுந்தன. இருந்தாலும் அவர் முழு நேரமும் நின்று பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதினார். அதற்குள் ஆம்புலன்ஸுக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

வண்டி வரும் வரைக்கும் என்னிடம் கேட்டார். "முகாம்ல பாத்தாங்களே. என்னா சொன்னாங்க?"

"இல்லைன்னாங்க."

"மேல் கோடு வந்துச்சா?"

தங்கச்சி பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். கண் திறந்துதான் இருந்தது.

"கவனிக்கல மேடம்."

அந்தம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

பூங்காவனம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் போய்விட்டாள். உடம்பைக் கொண்டுவர வண்டி ஏற்பாடு செய்தது முதலாளி. சாவுக்கு வந்தார், மாலை போட்டார், என் தலையில் கை வைத்தார். அந்த மாலைக்கும் ஈரச் சாக்கு போர்த்தித்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

அந்தம்மா சாவுக்கு வரவில்லை. அவர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் இறங்கியிருந்தார். முகாமில் போட்ட அட்டைகளைப் பொறுக்கி, கவரில் போட்டு, மேலே புகார் எழுதிவிட்டார். அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். அதே தகரக் கொட்டகையில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். முதலாளி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தம்மா அட்டைகளை மேஜையில் பரப்பினார். "பாருங்க சார். ஒன்னுல கூட மேல் கோடு இல்ல. அத்தனையும் வெந்து செத்த அட்டை. இதை வச்சு இல்லைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க."

அதிகாரி அவசரப்படவில்லை. "உங்க லேப் சுவத்துல ஒரு நோட்டீஸ் பார்த்தேன்மா. இருபது நிமிஷம் தாண்டின அட்டையைப் பார்த்தாலும் நம்பாதேன்னு. உங்க கையெழுத்துதானே? இது இத்தனை நாள் குழியில கெடந்த அட்டை. நான் எப்படி நம்புறது?"

அந்தம்மா அட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கவரில் போட்டார். அவருடைய சட்டம் அது. அதை அவர் உடைக்க மாட்டார்.

"அப்ப நேரத்துக்குள்ள பாத்தவங்களைக் கேளுங்க" என்றார்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "முகாம்ல, அந்த நேரத்துல, அட்டையை யாராவது பார்த்தீங்களா? மேல் கோடு வந்துதா, வரலையா?"

யாருக்கும் மேல் கோடு, கீழ் கோடு தெரியாது. எனக்குத் தெரியும். அந்தம்மா வரிசை முழுவதையும் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் பார்த்தார்.

முதலாளிக்குப் பயந்தேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. நாலு பேர் முன்னால் பேச வராது என்பதும் பாதிதான். பார்த்தேன் என்று சொன்னால், பார்த்துவிட்டு ஏன் சும்மா வந்தாய் என்று கேட்பார்கள். பூங்காவனத்தின் பிள்ளைகள் அங்கேதான் நின்றார்கள். நான் என் பாதத்தைப் பார்த்தேன். பித்தவெடிப்பில் உப்பு வெள்ளை வெள்ளையாக நிறைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி அதை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

ஊழியர்களிடமும் பொதுமக்களிடமும் மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று அந்தம்மாவைத் திண்டிவனத்துக்கு அந்தப்பக்கம் எங்கேயோ மாற்றினார்கள். அவர் திட்டினார் என்று எங்கள் ஊரிலேயே கையெழுத்து வாங்கினார்கள். நிறையப் பேர் போட்டார்கள். வார்டு மெம்பர் முதல் கையெழுத்து.

கடைசி நாள் போய் வாசலில் நின்றேன். சிவப்புக் கடிகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். ஃபேன் அப்போதும் அலமாரியைப் பார்த்துத்தான் சுற்றியது.

"வாங்க. உக்காருங்கம்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. திட்டட்டும் என்று நின்றேன். உப்பு பாட்டிலுக்கு ஊர் சிரிக்கத் திட்டினவர். ஒரு வார்த்தை, பாத்துட்டு ஏன்டி வாயை மூடிக்கிட்டு வந்தன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்கவில்லை. புதிதாக வருகிறவரை நினைத்துச் சொல்கிற மாதிரி, "மத்தியானம் பெட்டியை உள்ள மாத்தணும், மறந்துடப் போறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அவர் மேலும் கோபம்தான். அந்த முதலாளி மேல், அந்த மேஸ்திரி மேல், மாலைக்குப் போர்த்திய ஈரச் சாக்கின் மேல் இருக்கிற அதே கோபம். அத்தனைக்கும் அடியில் யார் மேல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. சின்னப் பிள்ளைகள்கூட இரண்டு கோடு, ஒரு கோடு என்று பேச ஆரம்பித்தார்கள். என் பேத்தி என்னிடமே விளக்கினாள்: "ஆயா, மேல கோடு வரலைன்னா அந்தக் கிட்டு வேஸ்டு." ஆமாம்மா என்றேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

எனக்கு வாயால் வராது. இனிமேலும் வராது. அந்தம்மா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியாது. அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். இருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலை எழுதி வைக்கிறேன். முகாம் நடந்த திங்கட்கிழமை, உப்பு மூட்டைக் கொட்டகையில், என் தங்கச்சி பூங்காவனத்தின் அட்டையை அந்தத் தம்பியின் செல்போன் கூவின உடனே, நேரத்துக்குள், ஒரு முழத் தூரத்தில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மேல் கோடு வரவில்லை.